துவரையில் காட்டுத்துவரையைக் கலப்பது: விதை கீறுவதிலிருந்து பிற்கலப்பு வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக் காட்டுக்குள் சால் விட்டுத் துவரை போடுவது வழக்கம். ராகி அறுத்த பிறகு துவரை தனியாக நின்று பூக்கும். கார்த்திகையில் காய் பிடிக்கும் நேரம் பார்த்துப் பச்சைக் காய்ப்புழு இறங்கினால் பாதிக் காயில் ஓட்டைதான் மிஞ்சும். மருந்தடித்தே இதைத் தீர்க்க முடியாது என்பது மானாவாரி செய்கிற எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பு செடிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த எதிர்ப்பு துவரையின் காட்டு உறவுகளிடம் இருக்கிறது.

இதை எழுதுவது வேளாண் கல்லூரியில் பயிர்ப்பெருக்கம் படிக்கிறவர்களுக்காகவும், சொந்தமாக விதை தேர்வு செய்யும் விவசாயிகளுக்காகவும். பூவில் மகரந்தம் வைப்பது ஒரு காலை வேலை, அதில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. முந்தைய ஆண்டு செய்யாமல் விட்டதிலும், பிந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில் அவசரப்பட்டதிலும்தான் தோற்கிறார்கள். அதனால் கலப்புக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1. எந்தக் குணம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"காட்டுத்துவரையில் நல்ல குணங்கள் நிறைய இருக்கின்றன, கலந்து பார்ப்போம்" என்று தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் கையில் ஆயிரம் செடிகள் இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது என்று தெரியாது. ஒரே ஒரு குணத்தை எடுங்கள். அந்தக் குணத்தை எப்படிச் சோதிப்பது என்பதையும் அதே நாளில் எழுதி வையுங்கள். சோதிக்க வழியில்லாத குணத்தைத் தேட முடியாது.

காய்ப்புழு எதிர்ப்பை எடுத்துக்கொண்டால் பார்க்க வேண்டிய இடம் காயின் மேல்தோல். துவரைக் காயில் பசை கசியும் சுரப்பி மயிர்கள் உண்டு. அந்தக் கசிவு புழுவைத் தின்னத் தூண்டுகிறது. கஜானஸ் ஸ்காரபேயாய்டிஸ் என்ற காட்டினத்தின் காயில் சுரப்பி இல்லாத மயிர்கள் மிக நெருக்கமாக இருக்கும். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த சின்னப் புழு அந்த மயிருக்குள் மாட்டிக்கொண்டு காய்த்தோலை எட்ட முடியாமல் பட்டினியில் சாகும். இதைக் கை லென்ஸில் பார்க்கலாம், பெட்ரி தட்டு என்ற சிறு மூடித்தட்டில் சோதிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற குணம்.

மலட்டுத் தேமல் நோய் (இலையில் தேமல் விழுந்து செடி பூக்காமல் போகும் நோய்) உங்கள் ஊரில் பெரிய தொல்லை என்றால் அதை எடுங்கள். அதற்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. நோய் கண்ட செடியின் இலையை 10 முதல் 15 நாள் நாற்றின் இலைமேல் மடித்து வைத்து ஸ்டேப்ளர் போட்டால் போதும். நோயைப் பரப்பும் சிலந்திப்பேன் பழைய இலை வாடும்போது புதிய இலைக்கு ஏறிவிடும். காய்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வழிகாட்டியில் காய்ப்புழுவை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். வேலையின் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான்.

2. எந்தக் காட்டினம்?

எல்லாக் காட்டுத்துவரையும் துவரையோடு சேராது. நெருங்கிய உறவு, தூரத்து உறவு என்று பிரித்துப் பாருங்கள்.

கஜானஸ் கஜானிஃபோலியஸ் மிக நெருங்கிய உறவு. துவரையின் மூதாதை இதுதான் என்று கருதப்படுகிறது. பஸ்தர், ஒடிசா பக்கம் வளர்வது. எளிதில் சேரும். ஸ்காரபேயாய்டிஸ், ஆல்பிகன்ஸ், செரிசியஸ், லீனியேட்டஸ் ஆகியவை அடுத்த வட்டம். கைக்கலப்பில் சேரும், காய் குறைவாகப் பிடிக்கும், வரும் செடியில் ஓரளவு மலட்டுத்தன்மை இருக்கும். பிளாட்டிகார்ப்பஸ் அதற்கும் வெளியே. அதில் கரு பாதியிலேயே செத்துவிடும். கருவை எடுத்துச் சோதனைக் குழாயில் வளர்க்கும் வசதி இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். நோய் எதிர்ப்பு அதில் நன்றாக இருக்கிறது என்று படித்துவிட்டு அதிலேயே தொடங்கி, ஒரு பருவம் முழுக்க உதிர்ந்த பிஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நமக்கு ஸ்காரபேயாய்டிஸ் போதும். துவரையைப் போலவே இதற்கும் குரோமோசோம் 22. வெப்ப நாடுகளில் பரவலாக வளரும் கொடி. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் புல்லும் புதரும் சேரும் விளிம்புகளில் தேட வேண்டும்.

அடையாளம் காண்பதில் கவனம் தேவை. மூன்று சிற்றிலை, மஞ்சள் பூ, தரையில் படர்கிற கொடி என்றால் புதியவர்கள் உடனே பறித்து வந்துவிடுகிறார்கள். அதில் பாதி ரிங்கோசியா வகைக் கொடியாக இருக்கும். காயைப் பிரித்து எண்ணுங்கள். ரிங்கோசியாவில் ஒன்றோ இரண்டோ விதைதான். ஸ்காரபேயாய்டிஸ் காய் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம், மேலெல்லாம் மயிர், விதைக்கும் விதைக்கும் நடுவே குறுக்கே பள்ளம், உள்ளே மூன்று முதல் ஏழு விதை. விதையின் கண்ணருகே வெளுத்த சதைமுண்டு ஒட்டியிருக்கும். துவரை விதையில் அந்த முண்டு இருக்காது.

பழைய ஆவணங்களில் இந்தக் காட்டினங்களுக்கு அட்டிலோசியா என்று பெயர். 1980-களில்தான் அட்டிலோசியாவைத் துவரையின் பேரினமான கஜானஸோடு சேர்த்தார்கள். விதை வங்கிப் பட்டியலைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

3. விதை பெறுவது

விதை வங்கியிலிருந்து வாங்குவதே முதல் வழி. புதுடெல்லியில் உள்ள தேசிய தாவர மரபு வளப் பணியகத்திலும், ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியிலும் காட்டுத்துவரை வகைகள் இருக்கின்றன. கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ வழியாக எழுதிக் கேட்க வேண்டும். பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நேரமாகும் என்பதால் விதைப்புக்கு ஆறு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். இங்கே வாங்குவதில் லாபம் என்னவென்றால், ஒவ்வொரு விதைக்கும் எண் இருக்கும், அது எதை எதிர்க்கிறது என்ற பதிவும் பெரும்பாலும் இருக்கும். ஒரே காட்டினத்துக்குள்ளும் ஒரு வகை எதிர்க்கும், இன்னொன்று எதிர்க்காது.

நாமே சேகரிப்பதென்றால் காட்டுக்குள் போகும் முன் வனத்துறை அனுமதி வாங்குங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு அல்லது காவேரி வனவிலங்கு சரணாலயம். ஒரு கொடியின் விதை என்றாலும் அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது. யானை நடமாட்டம் இருக்கிற இடத்தில் தனியாகப் புதருக்குள் குனிந்து காய் தேடுவதும் வேண்டாம்.

சேகரித்த இடம், தேதி, உயரம், பக்கத்தில் என்ன செடி இருந்தது என்பதை அங்கேயே நின்று எழுதுங்கள். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து வையுங்கள். பின்னால் இனம் பற்றிச் சந்தேகம் வந்தால் அந்தக் கிளைதான் சாட்சி.

4. தாய் ரகத்தை ஒரு பருவம் முன்பே தூய்மைப்படுத்துங்கள்

அநேகமாக எல்லோரும் தாண்டிப்போகிற படி இதுதான். துவரை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் கருவண்டும் மலைத்தேனீயும் இலைவெட்டித் தேனீயும் பூவுக்குப் பூ போய் மகரந்தத்தை மாற்றிவிடும். சராசரியாக ஐந்தில் ஒரு விதை வேறு செடியின் மகரந்தத்தில் உண்டாகியிருக்கலாம். அதனால் ராகிக் காட்டிலிருந்து எடுத்த துவரை விதை ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் கலவைதான்.

அப்படிப்பட்ட செடியைத் தாயாக வைத்துக் கலந்தால், பிறகு வரும் செடியில் ஒரு புதுக் குணம் தெரியும்போது அது காட்டினத்திலிருந்து வந்ததா, பக்கத்து வயலிலிருந்து தேனீ கொண்டு வந்ததா என்று சொல்ல முடியாது.

ஊரில் எல்லோரும் விரும்பும் ரகத்தை எடுங்கள். பத்துப் பதினைந்து செடிகளைப் பூக்கும் முன்பே கொசுவலையால் மூடுங்கள். வலைக்குள் காய்த்த விதையைச் செடிவாரியாகத் தனித்தனியே எடுத்து, அடுத்த பருவத்தில் ஒரு செடிக்கு ஒரு வரிசை விதையுங்கள். எந்த வரிசை ஒரே சீராக நிற்கிறதோ அதுதான் தாய். வெளியிலிருந்து தூய விதை வேண்டுமென்றால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரியுங்கள். கோ 8 போன்ற 170, 180 நாள் ரகம் நம் மானாவாரிக்குப் பழகியது. ஆனால் அதில் ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் எடுக்க முடியும். குறுகிய வயது ரகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று ஏழாவது படியில் தெரியும்.

5. கையில் இருக்க வேண்டியவை

ஊசிமுனை இடுக்கி இரண்டு (ஒன்று விழுந்து முனை வளைந்தால் அன்றைய வேலை போச்சு), பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸ், சிறிய பாட்டிலில் ஸ்பிரிட், பஞ்சு, மூடியுள்ள பெட்ரி தட்டு, இரண்டு மூன்று நிறத்தில் தையல் நூல், நூல் கட்டிய சின்ன அட்டைகள், பென்சில், கொசுவலை.

அட்டையில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை கார்த்திகைப் பனியிலும் மழையிலும் கரைந்துவிடும். ஒரு வருட உழைப்பு வெற்று அட்டையாகத் தொங்குவதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும்.

6. காட்டு விதையை முளைக்க வைத்தல்

காட்டுத்துவரை விதைத்தோல் தண்ணீரை விடாது. அப்படியே விதைத்தால் சில விதை பத்து நாளில் முளைக்கும், சில மாதக்கணக்கில் கிடக்கும். கல் போல ஊறாமல் கிடக்கும் விதையைச் செத்துப்போனது என்று கொட்டிவிடுகிறார்கள். அது உயிரோடுதான் இருக்கிறது.

விதையின் கண் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பிளேடு முனையால் தோல் மட்டும் விலகும்படி லேசாகக் கீறுங்கள். கண் பக்கம் கீறக்கூடாது, முளைக்குருத்து அங்கேதான் இருக்கிறது. கீறியதை இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் ஊதிப் பெருத்திருந்தால் சரி. ஊறாதது இருந்தால் இன்னொரு முறை கீறலாம்.

ஒரு கப்புக்கு ஒரு விதை, செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து. நாற்று முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும். தண்ணீர் அதிகமானால் அழுகும். பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றி ஏற ஒரு குச்சி நடுங்கள். தரையில் படரவிட்டால் பூவைத் தேடுவதே தனி வேலையாகிவிடும். தொட்டியில் வைப்பதற்கு இன்னொரு காரணம், இது பல ஆண்டுச் செடி. காத்து வைத்தால் அடுத்த ஆண்டும் பூக்கும்.

7. இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும்

காட்டுச் செடி பூத்து முடிந்த பிறகு துவரை மொக்கு விடுவதும், துவரை காய்த்த பிறகு கொடி பூப்பதும் அடிக்கடி நடக்கிறது. காட்டினத்தை வைகாசிக் கடைசியில் விதைத்துவிடுங்கள். துவரையை ஆனி நடு, ஆடி முதல், ஆடிக் கடைசி என்று மூன்று தவணையாக விதையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துவரை பகல் குறுகும்போது பூக்கிற செடி. நீண்ட வயது ரகத்தை இருபது நாள் தள்ளி விதைத்தால் பூ இருபது நாள் தள்ளி வராது. பின்னால் விதைத்தது சீக்கிரமே பூத்து முன்னதோடு சேர்ந்துகொள்ளும். பகல் நீளத்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத குறுகிய வயது ரகத்தைத் துணைத் தாயாக வைத்திருந்தால் இந்த இடைவெளியை நிரப்பும். இன்னொரு வழி, காட்டுக் கொடியில் வரும் காயை அவ்வப்போது கிள்ளிவிடுவது. காய் முற்றாமல் இருந்தால் கொடி திரும்பத் திரும்பப் பூக்கும்.

8. எது தாய், எது தந்தை

துவரைதான் தாய், காட்டினம்தான் தந்தை. முதல் முறை செய்கிறவர்கள் இதை மாற்ற வேண்டாம்.

துவரை மொக்கு பெரியது, கையாள எளிது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசம் தாய் வழியாகத்தான் வரும். ஸ்காரபேயாய்டிஸைத் தாயாக வைத்தால் பின் தலைமுறைகளில் மகரந்தமே உண்டாகாத ஆண்மலட்டுச் செடிகள் வரலாம். வீரிய ஒட்டு ரகம் தயாரிப்பவர்களுக்கு அந்த மலட்டுத்தன்மையே வேண்டும். 2004-ல் வெளியான ஜிடிஎச் 1 என்ற வீரிய ஒட்டுத் துவரை இந்த இனத்தின் சைட்டோபிளாசத்திலிருந்து வந்ததுதான். நமக்கு வேண்டியது தானே காய்த்துத் தானே விதை தருகிற ரகம். அதனால் துவரையே தாய்.

9. மொக்கில் மகரந்தப்பையை எடுத்தல்

துவரைப் பூ விரிவதற்கு முந்தின நாளே மகரந்தப்பை வெடித்துவிடும். அதாவது மொக்குக்குள்ளேயே கருவுறல் நடக்கத் தொடங்கிவிடும். நாளைக் காலை விரியப்போகிற பருத்த மஞ்சள் மொக்கைப் பிரித்து வேலை செய்தால் நேரம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. பெரிய மொக்கு பிரிக்கச் சுலபம், காயும் நன்றாகப் பிடிக்கும். ஒரு மாணவர் ஒரு வாரத்தில் அறுபது காய் பிடிக்க வைத்தார். எல்லோரும் பாராட்டினோம். அடுத்த பருவம் விதைத்தபோது வந்தது அத்தனையும் அச்சு அசலாகத் தாய்ச் செடி. கலப்பே நடக்கவில்லை. நிறையக் காய் பிடித்தால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள்.

எடுக்க வேண்டிய மொக்கு, விரிவதற்கு இரண்டு நாள் இருக்கிற மொக்கு. மஞ்சள் இதழ் புல்லி வட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கும். ஆனால் பூவின் முழு நீளத்தில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும், பச்சை கலந்த மஞ்சள் நிறம். முதல் நாள் நாலைந்து மொக்கைப் பிரித்து லென்ஸில் பாருங்கள். மகரந்தப்பை வெளிர் பச்சை மஞ்சளாக, மூடி, பளபளவென்று இருக்க வேண்டும். தூள் ஒட்டியிருந்தால் அடுத்த சிறிய அளவுக்குப் போங்கள். உங்கள் ரகத்துக்கு எந்த அளவு சரி என்று கண்ணுக்குப் பழகிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சூலகமுடி பூ விரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மகரந்தம் ஏற்கத் தயாராகிவிடுவதால் மொக்கு சின்னது என்று பயப்பட வேண்டாம்.

செய்முறை: இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மொக்கின் அடியைப் பிடியுங்கள், அழுத்தாமல். இடுக்கி முனையால் மேலே மூடியிருக்கிற பெரிய இதழின் விளிம்பைத் தூக்கிப் பின்னால் மடியுங்கள். உள்ளே பக்க இதழ் இரண்டு, அவற்றையும் ஒதுக்குங்கள். கடைசியில் படகு போல ஒட்டியிருக்கும் இதழ். அதன் மேல்விளிம்பை முனையால் மெல்லக் கீறிக் கீழே இழுத்தால் மகரந்தத்தாள்கள் தெரியும். மொத்தம் பத்து, ஒன்பது ஒன்றாகச் சேர்ந்தது, ஒன்று தனியாக. பையை மட்டும் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒன்பது எடுத்துவிட்டுத் தனியாக நிற்கும் பத்தாவதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிற தவறு.

நடுவில் இருக்கும் சூலகத்தண்டு இடுக்கியில் பட்டு மடங்கினால் அந்த மொக்கைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். மகரந்தப்பை கையில் உடைந்தாலும் அப்படியே. இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்து உலரவிட்டு அடுத்த மொக்குக்குப் போங்கள். ஈரத்தோடு போனால் ஸ்பிரிட் சூலகமுடியைச் சுட்டுவிடும்.

ஒரு பூங்கொத்தில் இரண்டு மூன்று மொக்கு போதும். அதில் ஏற்கெனவே விரிந்த பூ, பிஞ்சு, மற்ற மொக்கு எல்லாவற்றையும் அகற்றுங்கள். செடி தானே கருவுற்ற காய்க்குத்தான் முதலில் உணவு கொடுக்கும், நம் காயை உதிர்த்துவிடும்.

10. மகரந்தம் வைத்தல்

மகரந்தப்பையை எடுத்த கையோடு மகரந்தம் வைத்துவிடலாம். மறுநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை.

காட்டுக் கொடியில் அன்று விரிந்த பூ, அல்லது விரியப்போகிற பூவைக் காலையில் பறித்து, ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி தட்டில் மூடி வையுங்கள். பஞ்சு பூவைத் தொடக்கூடாது. மகரந்தம் நனைந்தால் வெடித்துப் போகும். இதே காரணத்தால் பனி காயும் முன் வேலை தொடங்கக்கூடாது. தர்மபுரியில் காலை எட்டு மணிக்கே தொடங்கலாம். தளி, ஓசூர் மேட்டில் மார்கழியில் ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும்.

பூவின் இதழை விலக்கி மகரந்தத்தாள் கொத்தை இடுக்கியால் எடுத்து, சூலகமுடியில் இரண்டு மூன்று முறை தொடுங்கள். தேய்க்க வேண்டாம். லென்ஸில் பார்த்தால் முடியில் மஞ்சள் தூள் தெரிய வேண்டும். மடித்த பெரிய இதழைத் திரும்ப மேலே மூடிவிட்டால் சூலகமுடி காயாமல் இருக்கும்.

உடனே காம்பில் நூல் கட்டி அட்டை மாட்டுங்கள். தாய், தந்தை, தேதி, செய்தவரின் எழுத்து. பத்து மொக்கு முடித்துவிட்டு மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். செடியைச் சுற்றி வலை இருக்கட்டும்.

சில மொக்குகளில் மகரந்தப்பையை மட்டும் எடுத்துவிட்டு, மகரந்தம் வைக்காமல் வேறு நிற நூல் கட்டி விடுங்கள். அவற்றில் காய் பிடித்தால் உங்கள் கையில் தவறு இருக்கிறது அல்லது வலைக்குள் தேனீ இருக்கிறது. இந்தச் சோதனை மொக்குகள் இல்லாத கலப்பு வேலையை நான் நம்புவதில்லை.

11. காயும் விதையும்

மூன்று நான்கு நாளில் பெரும்பாலானவை உதிரும். நூறு மொக்குக்குப் பத்துக் காய் நின்றால் நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் சில நூறு மொக்காவது செய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

40, 45 நாளில் காய் முற்றும். நிறம் மாறத் தொடங்கியதும் சின்ன வலைத்துணியைக் கட்டிவிடுங்கள். விதை சுருங்கிச் சின்னதாக இருக்கலாம். சுருங்கியதை ஒதுக்காதீர்கள், உண்மையான கலப்பு விதை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அவற்றையும் கீறி ஊறவைத்துக் கப்பில் முளைக்க வையுங்கள்.

12. முதல் தலைமுறைச் செடி கலப்புதானா?

எஃப் 1 எனப்படும் இந்த முதல் தலைமுறைச் செடி தாய், தந்தை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சிறுத்த இலை, சாய்ந்து படரும் கிளை, காயில் கூடுதல் மயிர். தாயைப் போலவே நிமிர்ந்து, நீண்ட இலையோடு வந்தால் தன்மகரந்தம், பிடுங்கிவிடுங்கள்.

எங்கள் பாத்தியில் ஒருமுறை களையெடுக்க வந்த அக்கா, வரிசையில் நேராக நின்றவற்றை விட்டுவிட்டு, படர்ந்து கிடந்த நான்கு செடிகளையும் களை என்று பிடுங்கிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எஃப் 1 செடிகளைத் தொட்டியில்தான் வளர்க்கிறோம், ஒவ்வொன்றின் அருகிலும் வண்ணக் குச்சி நட்டு.

பூத்ததும் மகரந்தத்தைப் பாருங்கள். விரியப்போகிற மொக்கின் மகரந்தப்பையைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நல்ல மகரந்தம் உருண்டையாகச் சிவப்பேறும், மலட்டு மகரந்தம் சுருங்கி வெளுத்து நிற்கும். பாதிக்குமேல் சிவந்தால் அதைத் தந்தையாகவும் பயன்படுத்தலாம். குறைந்தால் எஃப் 1 செடியையே தாயாக்கி, அதன்மேல் துவரை மகரந்தத்தை வையுங்கள். எஃப் 1 செடிக்குள் இருப்பது துவரையின் சைட்டோபிளாசம்தான் என்பதால் இப்போது திசை மாறினாலும் கெடுதல் இல்லை.

13. பிற்கலப்பு: அவசரம் வேண்டாம்

எஃப் 1 செடியின் விதையை நேராக விதைத்து, இரண்டாம் தலைமுறையில் நல்ல செடியைத் தேடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். கிடைப்பது பெரும்பாலும் படர்ந்த, வெடிக்கிற காயுள்ள, சின்ன விதைச் செடிகள். நமக்கு வேண்டிய மயிரோடு வேண்டாத அத்தனையும் ஒட்டிக்கொண்டு வரும். பலர் வேலையை விட்டுவிடும் இடம் இது. "காட்டுத்துவரையில் ஒன்றும் தேறவில்லை" என்று அவர்கள் சொல்வது உண்மையல்ல. ஒரு படியைத் தாண்டி ஓடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எஃப் 1-ஐத் தாய் ரகத்தோடு திரும்பக் கலக்க வேண்டும். எஃப் 1-ல் காட்டுப் பங்கு பாதி. முதல் பிற்கலப்பில் சராசரியாக 25 சதவீதம், இரண்டாவதில் 12.5, மூன்றாவதில் 6.25. பெரும்பாலும் இரண்டு போதும். செடி இன்னும் கொடியாகவே சாய்ந்தால் மூன்றாவது செய்யுங்கள். தேர்வு செய்யாமலே மூன்று நான்கு முறை கலந்துகொண்டே போனால் வேண்டிய குணமும் சேர்ந்து கரைந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் சோதித்து, குணம் இருக்கிற செடியில் மட்டுமே அடுத்த கலப்பைச் செய்யுங்கள்.

எத்தனை செடி வேண்டும்? ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே குணம் வெளியே தெரிவது) ஒன்றுதான் என்றால் முதல் பிற்கலப்பில் பாதிச் செடியில் இருக்கும், ஏழு செடி வளர்த்தாலே ஒன்றாவது தப்பாது என்று 99 சதவீதம் சொல்லலாம். மூன்று மரபணு சேர்ந்தால்தான் குணம் என்றால் எட்டில் ஒரு செடியில்தான் மூன்றும் இருக்கும். அதே உறுதிக்கு 35 செடி வேண்டும். ஒரு செடி கிடைத்தால் மட்டும் போதாது. கிடைத்தவற்றுள் நிமிர்ந்து நிற்பது, காய் வெடிக்காதது என்று இன்னும் பொறுக்க வேண்டும். அதனால் நூறு செடியாவது வளர்ப்பது நல்லது.

ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் குணம் தெரிவது) என்றால் பிற்கலப்புச் செடியில் குணம் வெளியே தெரியாது. எந்தச் செடியிலும் தெரியவில்லை என்றால் தோற்றுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு செடியின் தன்மகரந்த விதையையும் தனித்தனி வரிசையாக விதைத்துப் பாருங்கள். எந்த வரிசையில் நாலில் ஒன்று எதிர்க்கிறதோ அந்த வரிசையிலிருந்து மேலே போகலாம்.

எஃப் 1 செடியையும் நல்ல பிற்கலப்புச் செடியையும் காய் பறித்த பிறகு பிடுங்க வேண்டாம். கிளையை வெட்டிவிட்டால் தழைத்து மறுபடி பூக்கும். ஒரு வருடம் மழை ஏமாற்றினாலும் மூலச் செடி கையில் இருக்கும்.

14. சோதனை

முதல் வடிகட்டல் லென்ஸ். பத்து, பன்னிரண்டு நாள் பிஞ்சுக் காயில் மயிர் அடர்த்தியைத் தாய் ரகக் காயோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் மயிர் இருப்பதே எதிர்ப்பு என்று முடிவு கட்டாதீர்கள். சுரப்பி மயிர் அடர்ந்திருந்தால் புழு இன்னும் விரும்பித் தின்னும். மயிரின் நுனியில் உருண்டையான துளி தெரிந்தால் அது சுரப்பி மயிர்.

இரண்டாவது பெட்ரி தட்டு. ஈர வடிதாள் போட்டு, ஒரு தட்டுக்கு ஒரு செடியின் பிஞ்சுக் காய், அதில் முட்டையிலிருந்து அன்று வெளிவந்த புழு. வளர்ந்த புழுவை விட்டால் சோதனை பொய்யாகிவிடும். பெரிய புழு மயிரைத் தாண்டி ஓட்டை போட்டுவிடும், நல்ல செடியையும் கழித்துவிடுவீர்கள். தாய் ரகக் காய், காட்டினக் காய் இரண்டையும் எல்லா முறையும் கூடவே வையுங்கள். அன்று விட்ட புழுவே நோஞ்சானாக இருந்தால் தாய் ரகக் காயிலும் சாகும், அதைப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது மருந்தடிக்காத வயல். தேர்ந்த வரிசைகளுக்கு நடுநடுவே தாய் ரகத்தை விதைத்து, நூறு காயில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். புள்ளிக் காய்ப்புழு பூவையும் காயையும் பின்னிக்கொண்டு தின்னும், காய் ஈயின் புழு உள்ளேயிருந்து தின்னும். பச்சைக் காய்ப்புழுவின் ஓட்டை உருண்டையாகப் பெரிதாக இருக்கும். மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

15. நிலைப்படுத்தி வைத்தல்

இரண்டாம் பிற்கலப்புக்குப் பின் நான்கைந்து தலைமுறை வலைக்குள் தன்மகரந்தத்தில் காய்க்க விட்டால் வரிசை சீராகும். வலையை இங்கேயும் விடக்கூடாது. ஒரு பருவம் திறந்து விட்டால் ஐந்தில் ஒரு பங்கு விதை கையை விட்டுப் போய்விடும்.

காய் வெடிப்பதைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். நன்றாகக் காய்ந்த காய்களைப் பதினொரு மணி வெயிலில் சாக்கில் பரப்பி வையுங்கள். தானாக முறுக்கித் திறந்தால் காட்டுப் புத்தி இன்னும் போகவில்லை. அந்த வரிசையை எவ்வளவு நல்ல எதிர்ப்பு இருந்தாலும் இன்னொரு முறை தாயோடு கலக்காமல் வெளியே கொடுக்காதீர்கள்.

விதையை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், உள்ளே ஒரு அட்டை, வெளியே ஒரு அட்டை எழுதி வையுங்கள். பயறு வண்டு ஒரு டப்பாவில் இறங்கினால் பல வருட வேலையை இரண்டு மாதத்தில் மாவாக்கிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிடி விதையை வேறொரு வீட்டில், வேறொரு டப்பாவில் வைத்திருங்கள்.